பன்னிரண்டடி மணப்பெண்

திருமண மண்டபத்தின் வாசலில், பன்னிரண்டடி உயரத்தில், ஒரு மணப்பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். காலை ஏழு மணிக்கு வண்டியை விட்டு இறங்கிய ஒப்பனைக்காரி, கைக்கொரு பெட்டியோடு அண்ணாந்து பார்த்தாள். பார்த்தவள் மேலே நடக்கவில்லை. பெட்டிகளைத் தரையில் வைத்தாள். இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு மறுபடியும் பார்த்தாள்.

பதாகையில் மாப்பிள்ளை மாப்பிள்ளையாகத்தான் இருந்தான். விடைத்த காது, ஒரு பக்கம் ஏறிய புருவம், மூலை உடைந்த முன்பல், எல்லாம் பத்திரமாக இருந்தன. அவன் முகத்தில் யாரும் கை வைக்கவில்லை. வைத்த கையெல்லாம் பெண்ணின் முகத்தில்தான்.

அந்த முகத்தை ஒப்பனைக்காரி அறிவாள். பத்து நாளுக்கு முன்னால் தன் கடையின் ஜன்னலோரத்தில் உட்காரவைத்து, பகல் வெளிச்சத்தில் விரல் நுனியால் தொட்டுத் தொட்டுப் பார்த்த முகம் அது. இடது தாடையில், காதடியிலிருந்து மோவாயை நோக்கி, பாதி உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தீக்காய வடு. வலது கன்னத்தில் மிளகளவு மச்சம். பதாகையிலோ வடுவைக் காணோம். வடு இருந்த இடத்தில் பளிங்குபோல ஒரு கன்னம். அந்தக் கன்னத்தில் ஒரு மச்சம். வலது கன்னத்திலும் மச்சம்!

அவளுக்கு விளங்க அதிக நேரமாகவில்லை. படத்தைச் செப்பனிட்ட புண்ணியவான் வலது கன்னத்தை வெட்டியெடுத்துத் திருப்பி இடது கன்னத்தில் ஒட்டியிருக்கிறான். வடு போயிற்று, போன சூட்டோடு மச்சமொன்று முளைத்துவிட்டது. வலப்பக்கம் காதோரம் இறங்கியிருந்த ஒரு சுருள்முடிகூட இடப்பக்கம் இரட்டைப் பிள்ளையாகப் பிறந்திருந்தது.

"அழகா இருக்குல்ல?" என்று ஒரு குரல். பெண்ணின் சித்தப்பா. தோளில் இரண்டு நாற்காலிகளைச் சுமந்துகொண்டு நின்றார். "எங்க வீட்டுப் பொண்ணுதானான்னு நாலு பேர்கிட்ட விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன்."

"மச்சத்தை எண்ணினீங்களா?"

"எண்ணினேன், எண்ணினேன். வாயைத்தான் திறக்கல. திறந்தா மேஜர் சுட்டுடுவாங்க."

மேஜர் என்றது மாப்பிள்ளையின் அத்தையை. தாயில்லாப் பிள்ளையை மூன்று வயதிலிருந்து தூக்கி வளர்த்தவர். வளர்த்த உரிமையில் மண்டபம் பார்த்தவரும் அவர், பந்தி பார்த்தவரும் அவர், படம் எடுக்க வைத்து அதை அச்சுக்குக் கொடுத்தவரும் அவர். அவர் வருகிறார் என்றால் நாற்காலிகள் தாமாக வரிசையில் நின்றுகொள்ளும் என்று சித்தப்பா சத்தியம் செய்வார்.

மாடியறையில் மணப்பெண் முகம் கழுவிவிட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தாள். கட்டிலில் கல்யாண உடை விரிந்து கிடந்தது. பக்கத்தில் அவள் அம்மா, யாரும் கேட்காமலே, எதையோ மடித்துப் பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

"கீழ பார்த்தீங்களாக்கா?" என்றாள் பெண்.

"பார்த்தேன்."

"நல்லாத்தான் இருக்கா," என்று சொல்லிவிட்டு அவள் கண்ணாடியைப் பார்த்தாள். யாரோ மூன்றாம் மனுஷியைப் பற்றிச் சொல்வதுபோல இருந்தது.

அந்தப் பெண் பெரிய சலவைச்சாலை ஒன்றில் வேலை செய்பவள். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை நீராவி இயந்திரத்தில் தேய்த்து மடிப்பது அவள் வேலை. நீராவிக் குழாயின் இணைப்பில் கசிவு இருக்கிறது என்று மூன்று முறை மேலாளரிடம் சொன்னவள் அவளே. மூன்று முறையும் "பார்க்கலாம்" என்றார்கள். எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள், பார்க்கலாம் என்றவர்கள் பார்த்துக்கொண்டு நிற்க, குழாய் வெடித்தது. தொடையிலிருந்து தோலெடுத்துத் தாடையில் ஒட்டினார்கள். வாரம் தவறாமல் கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்குப் போனாள். அந்த ஆஸ்பத்திரியின் லிப்டைப் பழுதுபார்ப்பவன்தான் மாப்பிள்ளை. ஐந்தாம் மாடிக்கும் தரைக்கும் இடையே, எட்டு வாரம் பழகிய பழக்கம் கல்யாணத்தில் வந்து நின்றது.

குழாயைக் கவனிக்காதவன் முகத்தில் ஒரு கீறல் உண்டா? இல்லை. அவன் வீட்டுத் திருமணத்துக்கு எவனாவது அவன் படத்தைத் திருத்தினானா? திருத்தவில்லை. எச்சரித்தவளுக்குத் தழும்பு, தழும்பு பட்டவளுக்கு வெட்கம், வெட்கத்தை மூட ஒரு பதாகை! எந்த ஊர் நியாயம் இது? ஒப்பனைக்காரி கிரீம் குப்பியின் மூடியைத் திறந்தாள். திறந்த வேகத்தில் மூடி சுவரோரம் போய் விழுந்தது.

அவளுடைய தொழில்முறை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். திருமணத்துக்கு முன்னால் கடையில் முகம் பார்க்கும் ஒத்திகை நாளன்றே, ஒரு தாளில் முகத்தின் கோட்டுருவம் வரைந்து, எந்த இடத்தில் என்ன பூசுவது, எந்த இடத்தில் எதுவுமே பூசக்கூடாது என்று பென்சிலால் குறித்துவிடுவாள். கீழே பெண்ணின் கையெழுத்தை வாங்கிக்கொள்வாள். முகத்தாள் என்பது அதற்கு அவள் வைத்த பெயர். இந்தப் பெண்ணின் முகத்தாளில் வடுவைப் பார்த்துப் பார்த்து வரைந்து, அதன்மேல் பெருக்கல் குறி போட்டு, "களிம்பு மட்டும்" என்று எழுதியிருந்தாள். ஒட்டிய தோலில் ஓராண்டுக்குக் கெட்டிப் பூச்சு எதுவும் கூடாது, பசை கூடவே கூடாது என்று மருத்துவர் எழுதித் தந்த சீட்டு அந்தத் தாளின் முதுகில் ஒட்டியிருந்தது.

இந்த வழக்கம் பிறந்த கதை இனிப்பானதல்ல. போன வருடம் இன்னொரு வீட்டில், தோல் உரிந்துகொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு, சொந்தக்காரர்கள் நச்சரித்தார்கள் என்பதற்காகக் கைவிரல் கனத்துக்குப் பூசிவிட்டாள். "ஒரு நாள்தானேக்கா, போடுங்க," என்று அந்தப் பெண்ணும் சொன்னாள். நான்காம் நாள் பார்க்கப் போனபோது, வீங்கிப்போன முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அவள் படுத்திருந்தாள். மூன்று வாரம் அப்படியே கிடந்தாளாம். திருமணப் படங்கள் மட்டும் பிரமாதமாக வந்திருந்தன.

அன்றிலிருந்து முகத்தாள். அன்றிலிருந்து, தாளில் இல்லாத ஒரு பூச்சு அவள் விரலிலிருந்து இறங்கியதில்லை.

ஒன்றரை மணி நேரம் வேலை மளமளவென்று நடந்தது. கழுத்துக்கும் முகத்துக்கும் நிறம் ஒத்துப்போகிறதா என்று அவளை ஜன்னலுக்கு அழைத்துப்போய்ப் பார்த்தாள். அறை விளக்கை அவள் ஒருநாளும் நம்பியதில்லை. வடுவின் மீது களிம்பை மட்டும் ஒற்றினாள். அதன் ஓரத்தில் நிறத்தைப் புகைபோல மெல்லக் கரைத்தாள், வேலி போட்டது போலத் தெரியாமலிருக்க. கண்ணுக்கு மை தீட்டும்போது பெண் உத்தரத்தைப் பார்த்தபடி, "அக்கா, என் மூஞ்சி மாதிரியே இருக்கு," என்றாள். அது பாராட்டா, பயமா என்று ஒப்பனைக்காரிக்குப் புரியவில்லை.

உதடு மட்டும்தான் பாக்கி. அப்போது கதவு திறந்தது.

மேஜர் அத்தை வந்தார். பின்னால் யாரும் வரவில்லை. ஆனாலும் ஒரு படை வந்ததுபோல இருந்தது. பெண்ணின் முகத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"என்னம்மா இது? இன்னும் ஆரம்பிக்கவே இல்லையா?"

"முடியப் போகுதும்மா. உதடு மட்டும் பாக்கி," என்றாள் ஒப்பனைக்காரி.

"அப்போ இது?" அத்தையின் விரல் வடுவுக்கு அரை அங்குலத்தில் வந்து நின்றது. பெண் கண்ணை மூடிக்கொண்டாள். "இதை யார் மூடுவா?"

"மூடக்கூடாதுன்னு டாக்டர் எழுதிக் குடுத்திருக்காரு. ஒத்திகை அன்னைக்கே பேசினதுதான். இந்தாங்க, தாள்."

அத்தை தாளைத் தொடவில்லை. "நாளைக்கு டாக்டரா வாசல்ல நின்னு பதில் சொல்லப் போறாரு? எங்க சனம் முந்நூறு பேருக்கு அந்தப் படத்தை அனுப்பியிருக்கேன். முகத்துல மாசு மருவில்லாத பொண்ணுன்னு வாய் வலிக்கச் சொல்லியிருக்கேன். வாசல்ல ஒரு மூஞ்சி, மேடையில ஒரு மூஞ்சின்னா என்னை என்ன நினைப்பாங்க?"

"படத்தைத் திருத்திட்டாங்கன்னு நினைப்பாங்க. உண்மையும் அதுதானே?"

"எனக்கே பாடமா? தொழிலுக்கு வந்தவ தொழிலப் பாரு." அத்தை தன் கைப்பையிலிருந்து இரண்டு பொருள்களை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒன்று, நாடக மேடையில் பொய்மூக்கு ஒட்டுகிறவர்கள் பயன்படுத்தும் மெழுகுப் பசை. மற்றொன்று, பச்சை குத்தியதை மறைக்க விற்கும் நிறப்பெட்டி. தண்ணீர் பட்டாலும் போகாதது, ஸ்பிரிட் விட்டுக் கரைத்துப் பூசுவது. "நீ கொண்டு வர மாட்டேன்னு தெரிஞ்சே வாங்கி வெச்சேன். சுவத்தையே மறைக்கும்னு கடைக்காரன் சொன்னான்."

"சுவருக்கு வலிக்காதும்மா."

பெண்ணின் அம்மா எழுந்து வந்து ஒப்பனைக்காரியின் முழங்கையைப் பிடித்தாள். "நீ சொல்றது நியாயம்தான்மா. எனக்கும் தெரியுது. ஆனா இதுல ஏதாச்சும் பேச்சு வளர்ந்து, கல்யாணம் நின்னு போச்சுன்னா..." பிடித்த முழங்கையை அவள் விடவில்லை.

"போடுங்கக்கா," என்றாள் பெண். கண் இன்னும் மூடித்தான் இருந்தது. "பரவால்ல. ஒரு நாள்தானே. அப்புறம் கழுவிடறேன்."

ஒரு நாள்தானே! அதே சொல். அதே குரல்கூட. ஒப்பனைக்காரி தூரிகையைக் கீழே வைத்தாள். குனிந்து அவள் காதருகே சொன்னாள்: "இது எட்டு மாசத் தோலு. கைக்குழந்தை. கழுவறப்போ பசை மட்டும் வராதும்மா, தோலும் சேர்ந்து வரும். நான் போட மாட்டேன்."

"நீ போடலைன்னா நான் பூசிக்கிறேன். பெரிய வித்தை!" அத்தை மெழுகு டப்பாவைத் திறந்து இரண்டு விரல் நிறைய அள்ளினார். ஒப்பனைக்காரி குறுக்கே நின்றாள். அந்தச் சிறிய அறையில், ஒரு பெண்ணின் தாடைக்காக இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்றார்கள். தாடைக்கு உரியவளோ கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நகரு. நேரமாகுது. ஆங், இன்னொண்ணு." அத்தை மற்ற கையால் மேசையிலிருந்த புருவப் பென்சிலை எடுத்து நீட்டினார். "அதை மூடினப்புறம், அதுமேல ஒரு மச்சம் வெச்சுடு."

பெண் கண்ணைத் திறந்தாள்.

"என்னது?"

"மச்சம். படத்துல ரெண்டு பக்கமும் இருக்கு. எண்ணிப் பார்க்கிறவன் எண்ணுவான். எதுக்கு வம்பு?"

பெண் முதலில் சிரித்தாள். சின்னச் சிரிப்பாகத் தொடங்கி, அறை முழுவதும் பரவி, அம்மாவைத் திடுக்கிட வைத்து, சட்டென்று நின்றது. நின்ற இடத்தில் அவளும் எழுந்து நின்றாள்.

"அத்தை, இருக்கிற வடுவ மறைன்னு சொன்னீங்க. நமக்குத்தான் வாய்க்கலன்னு பேசாம இருந்தேன். இப்போ இல்லாத மச்சத்தை வைன்னு சொல்றீங்களே, அது யாரோட மச்சம்? எங்கம்மா பெத்தப்போ வெச்சு அனுப்பலையே?"

"அட, ஒரு புள்ளிக்கு இவ்வளவு பேச்சா?"

"புள்ளி இல்லத்தை. எனக்கு இப்பத்தான் புரியுது. நான் உங்களுக்கு வேணாம். வாசல்ல நிக்கிறாளே, அவதான் வேணும். அப்போ அவளையே தூக்கிட்டுப் போய் மேடையில உக்கார வைங்க. எதிர்த்துப் பேச மாட்டா. வேலை முடிஞ்சதும் சுருட்டி மூலையில சாத்திடலாம்."

"ஏண்டி!" என்றாள் அம்மா, அதட்டலா ஆச்சரியமா என்று தெரியாத ஒரு குரலில்.

அத்தைக்குக் காது சிவந்தது. ஆனால் அவர் கத்தவில்லை. ஒரு சட்டப் புத்தகத்தை வாசிப்பவர்போல நிதானமாகச் சொன்னார்: "இங்க பாரும்மா. அது அச்சாயிடுச்சு. அச்சானதை மாத்த முடியாது. மூஞ்சியத்தான் மாத்திக்கணும்."

அந்தச் சொல்தான் ஒப்பனைக்காரியின் உச்சந்தலையில் போய் விழுந்தது.

அச்சானதை மாற்ற முடியாதாம். மூஞ்சியைத்தான் மாற்ற வேண்டுமாம்! இருபது வருடமாக எத்தனை அறைகளில், எத்தனை குரல்களில் இதே தீர்ப்பை அவள் கேட்டிருக்கிறாள்! உடைக்கு ஏற்ற நிறமாக்கு, விளக்குக்கு ஏற்ற கன்னமாக்கு, மாப்பிள்ளை உயரத்துக்கு ஏற்றபடி குனிய வை. துணியை மாற்றலாம், விளக்கை மாற்றலாம், மாப்பிள்ளை குனியலாம். ஆனால் ஒருவர்கூட அதைச் சொன்னதில்லை. உலகத்தில் எல்லாம் கல்லில் செதுக்கியது. பெண்ணின் முகம் ஒன்றுதான் களிமண்! தானும் இத்தனை காலம் அந்தக் களிமண்ணைப் பிசைந்து பிழைத்தவள்தானே என்று நினைத்தபோது, கோபம் பாதி அத்தைமேலும் பாதி தன்மேலும் பாய்ந்தது.

"மாத்த முடியாதுன்னு யாரும்மா சொன்னது?" என்றாள். குரல் தாழ்ந்திருந்தது. "மணி ஒன்பதரை. கல்யாணப் பதிவுக் கையெழுத்து பதினோரு மணிக்குத்தானே? அந்த நிறப்பெட்டியக் குடுங்க."

அத்தை வெற்றி பெற்றவராகப் பெட்டியை நீட்டினார். ஒப்பனைக்காரி அதை வாங்கிக்கொண்டாள். ஸ்பிரிட் குப்பியையும் பெரிய ஸ்பாஞ்சுகளையும் முகத்தாளையும் எடுத்தாள். கதவைத் திறந்து படியிறங்கினாள்.

"எங்க போறா இவ?" என்று அத்தை கேட்டபோது, ஒப்பனைக்காரி வாசலில் நின்று சித்தப்பாவிடம் ஏணி கேட்டுக்கொண்டிருந்தாள்.

பந்தல் கட்டியவர்கள் விட்டுப்போன ஏணி ஒன்று இருந்தது. சித்தப்பா அதைப் பதாகைப் பெண்ணின் இடது கன்னத்தோரம் சாத்தி, கீழே காலை ஊன்றிப் பிடித்துக்கொண்டார். "பொண்ணுக்கு மேக்கப் பார்த்திருக்கேன். மாப்பிள்ளைக்குப் பார்த்திருக்கேன். பிளாஸ்டிக்குக்கு இப்பத்தான் பார்க்கிறேன்," என்றார்.

"ஆடாம பிடிங்க. விழுந்தா எனக்கும் ஒரு வடு வந்துடும்."

முதலில் அவள் பதாகையின் முகத்தைத் துடைத்தாள். பெண்ணுக்குத் துடைப்பது போலவே, மேலிருந்து கீழாக, பொறுமையாக. பிறகு பொய் மச்சத்தின்மேல் கன்னத்தின் நிறத்தைக் குழைத்து ஒற்றினாள். எலுமிச்சம்பழ அளவு இருந்த கரும்புள்ளி நான்கு ஒற்றலில் மறைந்தது. இரட்டைப் பிறவியான சுருள்முடியையும் அப்படியே வழியனுப்பினாள். கடைக்காரன் பொய் சொல்லவில்லை. பெட்டி நன்றாகத்தான் மறைத்தது. பிறகு முகத்தாளை ஏணிப் படியில் செருகிக்கொண்டு, பழுப்பும் ரோஜாவும் கலந்து, காதடியிலிருந்து வடுவின் முதல் கோட்டை இழுத்தாள்.

விருந்தினர் வரத் தொடங்கியிருந்தார்கள். வந்தவர்கள் உள்ளே போகவில்லை. வாயில் ஈ போவது தெரியாமல் அண்ணாந்து நின்றார்கள்.

"என்னம்மா, பெயிண்டரா?" என்றார் ஒரு பெரியவர்.

"இல்லீங்க. பொண்ணுக்கு மேக்கப்."

"பொண்ணு எங்க?"

"மேல பாருங்க."

எல்லாரும் பார்த்தார்கள். மாடி ஜன்னலில் மணப்பெண் நின்றிருந்தாள், அதற்குள் கல்யாண உடையை உடுத்திக்கொண்டு, உதடு மட்டும் வெறுமையாக. ஏணியிலிருந்த ஒப்பனைக்காரி அவளைப் பார்த்துக் கையால் ஒரு சைகை காட்டினாள். அவள் இடது கன்னத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். ஒரு கண் ஜன்னலில், ஒரு கை பதாகையில்; வேலை நடந்தது. கூட்டத்தில் முணுமுணுப்பு ஓடியது. "தீக்காயமா?" "அட, படத்துல இல்லையே." "மறைச்சுட்டாங்க போல." "எதுக்காம்?" அந்த 'எதுக்காம்' யார் வாயிலிருந்து வந்ததோ, அவர் நூறு வயது வாழட்டும்!

அத்தை வாசலுக்கு வந்து சேர்ந்தார். வரும்போதே குரல் வந்துவிட்டது.

"எறங்குடி கீழ! எங்க குடும்பத்து முகத்துல கரி பூசறதுக்கா உன்னைக் கூப்பிட்டேன்?"

"கரி இல்லம்மா. நீங்க வாங்கினதுதான். ரொம்ப நல்ல சரக்கு."

சிரிப்பு ஒன்று கிளம்பி அடங்கியது. அத்தை சுற்றுமுற்றும் பார்த்தார். மாப்பிள்ளை வந்துகொண்டிருந்தான், சட்டைக் கையின் பொத்தானைப் போட்டபடி. அவனைத் தோளைப் பிடித்து இழுத்து ஏணிக்குக் கீழே நிறுத்தினார். "பாருடா. நீயே பாரு. உன்னைக் கட்டிக்கப் போறவ முகத்தை என்ன பண்ணி வெச்சிருக்கா பாரு. நீயே ஒரு வார்த்தை கேளு."

அவன் பார்த்தான். பதாகையைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான், மறுபடி பதாகையைப் பார்த்தான். பெண்ணின் அம்மா மாடிப்படியின் கடைசிப் படியில் உறைந்து நின்றாள். சித்தப்பாவின் பிடியில் ஏணி லேசாக ஆடியது.

"அக்கா," என்றான் அவன். "அங்க தப்பா இருக்கு."

"பார்த்தியா!" என்றார் அத்தை.

"காதோர முனை அப்படி நேரா முடியாதுக்கா. காதுமடலுக்குக் கீழ கொக்கி மாதிரி உள்ள வளையும். முடி மறைச்சிருக்கும், உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. லிப்டுல எப்பவும் என் பக்கம் இருந்தது அந்தப் பக்கம்தான்."

ஒப்பனைக்காரி ஏணியில் செருகியிருந்த தாளை எடுத்துப் பார்த்தாள். ஆமாம், தாளில் கொக்கி இல்லை. ஜன்னலில் மணப்பெண் காதோர முடியை ஒதுக்கிக் காட்டினாள். கொக்கி இருந்தது.

எவ்வளவு நல்ல மனது என்று கூட்டத்தில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். ஒப்பனைக்காரி அந்த உச்சுக்கொட்டலில் கரைந்துவிடவில்லை. "கொக்கி வரைக்கும் தெரியுதே, அப்புறம் இந்தப் படத்தைப் பார்த்தப்போ வாய் எங்க போச்சு?" என்று மேலிருந்தே கேட்டாள்.

அவன் தலை குனிந்தான். "அத்தை மனசு நோகும்னு..."

"அவ மனசு?"

அவன் நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தான். "தப்புதான்க்கா," என்றான்.

"சும்மா நிக்காதீங்க. ஏணியப் பிடிங்க. சித்தப்பா கை நடுங்குது."

"எனக்கு நடுங்கல, ஏணிக்குத்தான் நடுங்குது," என்று சித்தப்பா இடத்தை விட்டுக் கொடுத்தார். மாப்பிள்ளை பிடித்துக்கொண்டான். கொக்கி வளைந்தது.

அத்தை அங்கே நிற்கவில்லை. "வளர்த்ததுக்கு நல்ல மரியாதை," என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டு உள்ளே போனார். போகும்போது வழியில் கோணலாகக் கிடந்த ஒரு நாற்காலியை நேராக வைத்துவிட்டுப் போனார்.

பத்தே முக்காலுக்கு ஒப்பனைக்காரி மாடிக்கு ஓடி, விரலில் ஒட்டியிருந்த பழுப்பு நிறத்தைத் துடைத்தெறிந்துவிட்டு, ஜன்னலோரமாகப் பெண்ணின் உதட்டைத் தீட்டினாள். இரண்டு முறை துடைத்து மூன்றாம் முறைதான் கோடு சரியாக அமைந்தது. "சிரிக்காதே, கலையும்," என்றாள். பெண் சிரித்தாள். கலைந்தது. நான்காம் முறை தீட்டினாள்.

மேடையில் திருமணப் பதிவாளர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பேரேட்டைத் திறந்தார். பெயர், வயது, தொழில், எல்லாம் வரிசையாக நிரம்பின. தொழில் என்ற இடத்தில் சலவைச்சாலை என்று சொன்னபோது பெண்ணின் குரல் மெல்லியதாகத்தான் இருந்தது.

"அங்க அடையாளம்?" என்றார் பதிவாளர்.

மேடையோரத்தில் நின்ற அத்தை முந்திக்கொண்டார். "வலது கன்னத்துல மச்சம். அது போதும், எழுதிக்குங்க."

"ரெண்டு வேணும்மா. ரெண்டு கோடு போட்டு அச்சடிச்சிருக்கு பாருங்க." பதிவாளர் பேனாவின் பின்முனையால் தாளைத் தட்டிக் காட்டினார். "அச்சானதை நான் மாத்த முடியாது."

மேடைக்குப் பின்னால், தூரிகைகளைத் துணியில் சுருட்டிக்கொண்டிருந்த ஒப்பனைக்காரி நிமிர்ந்தாள்.

மணப்பெண் நாற்காலியை இழுத்து முன்னால் போட்டுக்கொண்டாள். காதோர முடியை ஒதுக்கினாள்.

"எழுதுங்க சார். இடது தாடையில தீக்காய வடு." கடைசி வரிசைக்கும் கேட்கும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "காதுக்குக் கீழ கொக்கி மாதிரி வளையும். இடம் பத்தலைன்னா ஓரத்துல எழுதிக்கலாம்."

பதிவாளர் அவள் முகத்தைப் பார்த்தார். சரிபார்த்துக்கொண்டார். தலையாட்டிவிட்டு, முழுவதையும், ஓரத்தில் வளைத்து, எழுதினார்.